ஒரு முக்கோணக் கொடியின் வயது

ப்ரூக்ளினில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர். வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பக்கம் மகனோடு இருக்கிறார். அவருடைய அறையில் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நீல நிறத்தில் ஒரு முக்கோணத் துணிக்கொடி தொங்குகிறது. அதில் வெள்ளை எழுத்தில் "ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ்" என்று போட்டிருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கொடியைக் காட்டி ஒரே கதையைத்தான் சொல்வார். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி. அப்போது அவருக்கு ஒன்பது வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்துக்குப் போனார். ஜாக்கி ராபின்சன் முதன்முதலாக டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கிய நாள் அது. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது அப்பா வாங்கிக் கொடுத்த கொடிதான் இது!

அந்த நாளின் முக்கியத்துவம் பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் புரியும். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீகுகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடம் கிடையாது. எழுதப்படாத அந்தச் சட்டத்தை உடைத்தவர் ராபின்சன். அவர் அணிந்த 42 என்ற எண்ணை வேறு யாரும் அணியக்கூடாது என்று 1997இல் எல்லா அணிகளுக்குமாக ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் வாங்கிய பொருள் வீட்டில் இருந்தால் பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

அப்பாவின் அடுத்த பிறந்தநாளுக்கு அந்தக் கொடியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுக்கலாம் என்று மகன் நினைத்தார். கீழே சின்னதாக ஒரு பித்தளைத் தகடு, அதில் "ஏப்ரல் 15, 1947". அதற்கு முன் பழைய விளையாட்டுப் பொருட்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் காட்டி, எப்படிப் பாதுகாப்பது என்று கேட்கப் போனார். கடைக்காரர் கொடியைக் கையில் வாங்கி விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "1947ஆ?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "தகடு அடிப்பதற்கு முன் இதை ஒருமுறை நன்றாகப் படித்துவிடுங்கள்" என்றார்.

ஒரு துணியைப் படிப்பதா? எப்படி?

பெனன்ட் என்றால் என்ன

இந்த முக்கோணக் கொடிக்கு ஆங்கிலத்தில் பெனன்ட் என்று பெயர். கப்பல்களில் பறந்த நீண்ட, கூர்மையான கொடிகளிலிருந்து வந்த சொல் இது. கிரிக்கெட்டில் கோப்பையை வெல்வது போல பேஸ்பாலில் கொடியை வெல்வார்கள். லீகில் முதலிடம் பிடித்த அணி தன் மைதானத்தில் வெற்றிக்கொடி பறக்கவிடும் வழக்கம் இருந்ததால், "பெனன்ட் வென்றது" என்றாலே லீகில் முதலிடம் பிடித்தது என்று பொருள் ஆகிவிட்டது. இரண்டு லீகுகளிலும் பெனன்ட் வென்ற அணிகள் மோதுவதுதான் 1903இல் தொடங்கிய வேர்ல்ட் சீரிஸ்.

ரசிகர்கள் கையில் பிடித்து ஆட்டும் துணிக்கொடி முதலில் கல்லூரிகளில்தான் பிரபலமானது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணவர் விடுதி அறை என்றால் சுவரில் ஒரு கல்லூரிக் கொடி இருக்கும். அங்கிருந்து பேஸ்பால் மைதான வாசலுக்கு வந்தது. முழு அளவுக் கொடி ஏறக்குறைய 30 அங்குல நீளம், அகலமான பக்கத்தில் 12 அங்குலம். அந்த அகலமான பக்கத்தில் வேறு நிறத்தில் ஒரு பட்டை தைத்திருப்பார்கள். குச்சியில் கட்டுவதற்காகப் பட்டையிலிருந்து மெல்லிய துணிக் குஞ்சங்கள் தொங்கும்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான கொடிகளில் ஆண்டு போட்டிருக்காது. கடைக்காரர் ஏன் போடப் போகிறார்? இந்த வருடம் விற்காததை அடுத்த வருடம் விற்க வேண்டாமா! அதனால் தேதி இல்லாத பொருளுக்குத் தேதி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. புதைகுழியில் கிடைத்த பானை ஓட்டைப் பார்த்துக் காலம் சொல்வதுபோலத்தான் இதுவும்.

பெயர் சொல்லும் காலம்

முதல் சாட்சி, கொடியில் இருக்கும் ஊர்ப் பெயரும் அணிப் பெயரும். அமெரிக்காவில் பேஸ்பால் அணி என்பது ஒரு வியாபாரம். உரிமையாளர் நினைத்தால் அணியை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். ரசிகர்களுக்கு அது பெரிய துயரம். கொடிக்கு வயது கணிப்பவருக்கு அதுவே பெரிய உதவி.

"பாஸ்டன் பிரேவ்ஸ்" என்று இருந்தால் அது 1952 அல்லது அதற்கு முந்தையது. 1953இல் அந்த அணி மில்வாக்கிக்குப் போய்விட்டது. "மில்வாக்கி பிரேவ்ஸ்" என்றால் 1953 முதல் 1965 வரை. 1966 முதல் அட்லாண்டா. அதேபோல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி 1954இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆனது. பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 1955இல் கான்சாஸ் சிட்டிக்கும் 1968இல் ஓக்லாந்துக்கும் போனது. 2024 சீசனோடு ஓக்லாந்தையும் விட்டுவிட்டது. ஹூஸ்டன் அணி 1962 முதல் 1964 வரை மூன்றே ஆண்டுகள் "கோல்ட் .45ஸ்" என்ற துப்பாக்கியின் பெயரில் ஆடியது. 1965இல் ஆஸ்ட்ரோஸ் ஆனது.

இதில் மிகச் சுலபமானது சியாட்டில் பைலட்ஸ். 1969இல் ஒரே ஒரு சீசன் ஆடி, திவாலாகி, 1970 சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது மில்வாக்கிக்கு விற்கப்பட்டது. அதனால் அசல் பைலட்ஸ் கொடி ஒன்று கிடைத்தால் ஆண்டைப் பற்றி யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

சின்னங்களும் இப்படித்தான். கிளீவ்லாண்ட் இண்டியன்ஸ் அணியின் செவ்விந்தியக் கேலிச்சித்திர முகம் 1947இல் வந்தது. 1951இல் மாற்றி வரையப்பட்டது. இழிவுபடுத்தும் படம் என்று பல ஆண்டுகள் போராட்டம் நடந்து, 2018 சீசனுக்குப் பிறகு சீருடையிலிருந்து நீக்கப்பட்டது. 2022இல் அணியின் பெயரே கார்டியன்ஸ் என்று மாறியது. அந்த முகம் பழைய வடிவமா புதிய வடிவமா என்பதை வைத்துக் கொடியின் காலத்தைக் குறுக்கலாம்.

நியூயார்க் யாங்கீஸ் மாதிரி 1913 முதல் பெயரும் ஊரும் மாறாத அணி என்றால்தான் கஷ்டம். அங்கே பெயர் எதையும் சொல்லாது. மற்ற தடயங்களைத்தான் நம்ப வேண்டும்.

பெரியவரின் கொடிக்கு வரலாம். ப்ரூக்ளின் அணி 1914 முதல் 1931 வரை ராபின்ஸ் என்ற பெயரில் அழைக்கப்பட்டது. டாட்ஜர்ஸ் என்ற பெயர் அதற்கு முன்பும் வந்துபோனது என்றாலும், நிரந்தரமானது 1932இல். ப்ரூக்ளினில் அவர்களுடைய கடைசி சீசன் 1957. அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார்கள். எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தை 1960இல் இடித்து, அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். ஆக, பெயரை வைத்துப் பார்த்தால் 1932க்கும் 1957க்கும் நடுவே. அப்பா சொன்ன 1947 அதற்குள் அழகாகப் பொருந்துகிறது. மகனுக்கு நிம்மதி.

ஆனால் பெயர் சொல்வது "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்பதை மட்டும்தான். பின்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். இல்லாமல் போன அணிக்குத்தான் ஏக்கம் அதிகம். ஏக்கம் இருக்கும் இடத்தில் மறுபதிப்பும் இருக்கும். ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் என்று போட்ட தொப்பியும் சட்டையும் இன்றைக்கும் கடையில் கிடைக்கின்றன.

ஆட்டக்காரர் பட்டியல்

சில கொடிகளில் சுருள் ஓலை மாதிரி ஒரு படம் போட்டு, அதற்குள் ஆட்டக்காரர்களின் பெயர்களை அச்சிட்டிருப்பார்கள். வயது கணிப்பவருக்கு இது விருந்து. ஒரு ப்ரூக்ளின் கொடியில் ஜாக்கி ராபின்சன் பெயரும் சாண்டி கோஃபாக்ஸ் பெயரும் சேர்ந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ராபின்சன் ஆடியது 1947 முதல் 1956 வரை. கோஃபாக்ஸ் அணிக்கு வந்தது 1955இல். இருவரும் ஒன்றாக இருந்தது 1955, 1956 ஆகிய இரண்டே சீசன்கள். அந்தக் கொடியில் "உலக சாம்பியன்" என்றும் இருந்தால் இன்னும் குறுகிவிடும். ஏனென்றால் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றது ஒரே ஒருமுறை, 1955இல்.

ஆண்டு அச்சிட்ட கொடியும் சில சமயம் ஏமாற்றும். சாம்பியன் கொடி வெற்றிக்கு மறுநாளே கடைக்கு வர வேண்டும் என்பதால் முன்கூட்டியே வேலையைத் தொடங்குவார்கள். 1964இல் பிலடெல்பியா ஃபில்லீஸ் அணி பன்னிரண்டே ஆட்டங்கள் மீதி இருக்கும்போது ஆறரை ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்களில் தோற்று, பெனன்ட்டை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் கோட்டைவிட்டது. இப்படி நடக்காத வெற்றிக்காகத் தயாரித்து வைத்த பொருட்களைச் சேகரிப்பாளர்கள் ஆங்கிலத்தில் "ஃபாண்டம்" என்பார்கள், அதாவது பேய். பொருள் அசல், காலமும் சரி. அதில் எழுதியிருக்கும் செய்தி மட்டும் நடக்கவே இல்லை!

பெரியவரின் கொடியில் பட்டியல் எதுவும் இல்லை. அணியின் பெயர், பந்தை அடிக்கத் தயாராக நிற்கும் ஓர் ஆட்டக்காரரின் படம், அவ்வளவுதான். அந்தப் படமும் உதவாது. ஒரே படத்தை நிறத்தை மட்டும் மாற்றிப் பல அணிகளுக்கும் ஆண்டுக்கணக்கில் அச்சிடுவது கொடி தயாரிப்பாளர்களின் வழக்கம்.

துணி சொன்னது

அடுத்த சாட்சி துணி. பழைய கொடிகள் கம்பளி ஃபெல்ட்டில் செய்யப்பட்டவை. நெய்யாமல், கம்பளி இழைகளை அழுத்திச் சேர்த்துச் செய்யும் துணி அது. பிறகு ரேயான் கலந்த ஃபெல்ட் வந்தது. அதற்கும் பிறகு முழுக்கச் செயற்கை இழை. அக்ரிலிக் இழை வியாபார அளவில் சந்தைக்கு வந்தது 1950இல்தான். இந்த ஒரு தகவல் பல வாதங்களை முடித்துவைக்கும்.

மகனுக்கு முதல் சந்தேகம் வந்தது ஒரு பெட்டியைத் திறந்தபோதுதான். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அந்தக் கொடி சுவரில் இருந்ததில்லை. பழைய துணிகளோடு ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதே பெட்டியில் இருந்த தாத்தாவின் கம்பளிச் சட்டையை இப்போது எடுத்துப் பார்த்தால் சல்லடைக் கண்ணாக ஓட்டை. அந்துப்பூச்சியின் வேலை. கம்பளியில் இருக்கும் கெரட்டின்தான் அந்தப் புழுவுக்கு உணவு. அக்ரிலிக்கில் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. கம்பளிச் சட்டையை இப்படித் தின்று தீர்த்த பூச்சி, பக்கத்திலேயே இருந்த கொடியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. ஏன்?

கடைக்காரர் சொல்லிக் கொடுத்த சோதனை ஒன்று இருந்தது. கொடியை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. பட்டையின் உள்பக்கத் தையலில் பிரிந்து நிற்கும் ஒற்றை இழையைச் சாமணத்தால் எடுத்து, தனியாக ஒரு தட்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். ரேயான் என்றால் காகிதம் எரிவதுபோல் எரியும். அக்ரிலிக் என்றால் உருகி, கறுப்பாக ஒரு கெட்டி மணி மாதிரி ஆகிவிடும்.

மகனின் தட்டில் மிஞ்சியது ஒரு சின்னக் கறுப்பு மணி.

அச்சும் தையலும்

ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது இந்தத் துறையின் பாலபாடம். அதனால் எழுத்தைப் பார்க்க வேண்டும். மிகப் பழைய கொடிகளில் ஒவ்வொரு எழுத்தையும் ஃபெல்ட்டில் வெட்டி, மேலே வைத்துத் தைத்திருப்பார்கள். பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. நடுவே, பசையில் எழுத்து அச்சிட்டு, அதன்மேல் நுண்ணிய இழைத் தூளைத் தூவும் முறையும் இருந்தது. அந்த எழுத்தைத் தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும். கனமான பழைய பெயின்ட் அச்சு காலப்போக்கில் வயல் வெடிப்பதுபோல மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும்.

வெளிறியிருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். சுவரில் பல ஆண்டுகள் தொங்கிய கொடியில் வெளிச்சம் பட்ட முன்பக்கம் வெளுத்து, பின்பக்கம் அசல் நிறத்தில் இருக்கும். பட்டை மூடியிருக்கும் தையல் இடுக்கில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். குத்திய ஊசித் துளைகளைச் சுற்றித் துரு வளையம் இருக்கும். கூர்முனை கசங்கியோ கிழிந்தோ இருக்கும். சில சமயம் கிழிந்த முனையை வெட்டிவிட்டு முழுக்கொடி என்று விற்பார்கள். அதனால்தான் வாங்குபவர்கள் முதலில் அளவுநாடாவை எடுக்கிறார்கள். பழையது போலக் காட்டுவதற்காகச் சாயம் ஏற்றிய துணியில், எல்லா இடமும் ஒரே சீராகப் பழுத்திருக்கும். உண்மையான காலம் அப்படிச் சமமாகப் பங்கு வைக்காது.

இன்னொரு கருவி, கடைகளில் கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு. துணியையும் நூலையும் வெண்மையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாயின. அந்த விளக்கில் அவை நீல வெள்ளையாகப் பளிச்சிடும். ஆனால் இதிலும் எச்சரிக்கை தேவை. பழைய துணியைப் பிற்காலத்துச் சலவைத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், தீர்ப்பு சொல்லக்கூடாது.

பெரியவரின் கொடியில் தையல் நூல் பளிச்சென்று மின்னியது.

ஒரு சின்ன வட்டம்

கடைசிச் சாட்சி, யாரும் கவனிக்காத சின்ன எழுத்துகள். கொடி தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்த நிறுவனம் எப்போது தொடங்கியது என்று பார்த்தாலே போதும். உதாரணமாக, மினசோட்டா மாநிலத்தின் வினோனா ஊரைச் சேர்ந்த வின்கிராஃப்ட் நிறுவனம் தொடங்கியது 1961இல். அதன் பெயரோடு 1955ஆம் ஆண்டுக் கொடி இருக்க வழியே இல்லை. பந்து அடிப்பவரின் பக்கவாட்டு உருவம் கொண்ட மேஜர் லீக் பேஸ்பால் சின்னம் 1968இல் வரையப்பட்டு 1969 சீசனில் வந்தது. அது இருந்தால் கொடி அதற்குப் பிந்தையது.

மகன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. பட்டைத் தையலில் ஏதோ ஒரு துணி லேபிளை வெட்டி எடுத்த அடையாளமாக வெள்ளை நூல் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஆனால் "டாட்ஜர்ஸ்" என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், தூசி என்று இத்தனை நாள் நினைத்த ஒரு புள்ளி, கண்ணாடியில் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' எழுத்து. பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம் என்பதற்கான குறி.

அமெரிக்காவில் அந்தக் குறிக்கு இடம் கொடுத்தது 1946ஆம் ஆண்டின் லேன்ஹாம் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 1947 ஜூலை 5. ராபின்சன் களம் இறங்கியது ஏப்ரல் 15. ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் இடிக்கிறது! அதோடு அக்ரிலிக்கும் வெட்டிய லேபிளும் சேர்ந்தால், இந்தக் கொடி ப்ரூக்ளினில் டாட்ஜர்ஸ் ஆடிய காலத்தைச் சேர்ந்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மைதானத்தை இடித்து, அணி ஊரை விட்டுப்போய், நினைவு மட்டும் மிஞ்சிய பிறகு யாரோ செய்து விற்ற கொடி.

அப்படியென்றால் அப்பா சொன்னது?

மகனுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. நூறு தடவைக்கு மேல் கேட்ட கதை. அப்பா பொய் சொல்கிற ஆளும் கிடையாது. கொடி பொய் என்றால், மைதானத்துக்குப் போனதும் பொய்யா? பிறந்தநாளில் கண்ணாடிச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா? இந்த வயதில் ஒருவரிடம் போய் "நீங்கள் சொன்னது நடக்கவில்லை" என்று சொல்வதால் யாருக்கு லாபம்?

கதையை மறுபடி நினைத்துப் பார்த்தார். ராபின்சன் என்றாலே எல்லோருக்கும் இரண்டாவது பேஸ்தான் நினைவுக்கு வரும். அங்கேதான் அவர் அதிக ஆண்டுகள் ஆடினார். ஆனால் 1947இல் அவருக்குக் கிடைத்த இடம் முதல் பேஸ். அப்பா எப்போதும் "முதல் பேஸில் நின்றார்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராபின்சன் ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை என்றும், எதிரணியின் பிழையால் பேஸுக்குப் போய், வெற்றிக்கு வழிவகுத்த ரன்னை எடுத்தார் என்றும் சொல்வார். ஆட்டக் குறிப்பும் அதையே சொல்கிறது. டாட்ஜர்ஸ் 5, பாஸ்டன் பிரேவ்ஸ் 3. கற்பனையாகச் சொல்பவர் தன் நாயகனுக்கு ஒரு நல்ல அடியாவது கொடுத்திருப்பாரே! ஆனால் இதையெல்லாம் யாரும் எந்தப் புத்தகத்திலும் படித்துவிடலாம். இது சாட்சி ஆகாது.

பழைய படங்கள் இருந்த உறையைத் தேடி எடுத்தார். அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ப்ரூக்ளின் வீட்டில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பதினோரு வயதுப் பையன். பின்னால் பாட்டியின் கையெழுத்தில் "1949". பையனின் தலைக்கு மேலே சுவரில் ஒரு முக்கோணக் கொடி. "ப்ரூக்ளின்" என்ற சொல் தெளிவாகத் தெரிகிறது. எழுத்தின் வடிவம் வேறு. அகலப் பக்கத்தில் குஞ்சம் ஒன்றுகூட இல்லை, பிய்த்து எடுத்தது போலப் பட்டை மட்டும் இருக்கிறது.

படத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"குஞ்சத்தையெல்லாம் நான்தான் பிய்த்தேன். அம்மா திட்டினாள்."

பிறகு தலையைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கும் கொடியில் எல்லாக் குஞ்சங்களும் பத்திரமாக இருந்தன.

"அப்போ அது எங்கே போச்சு?"

மகனிடம் பதில் இல்லை. கம்பளிச் சட்டைக்கு நடந்ததே அதற்கும் நடந்திருக்கலாம். அசல் கொடி கம்பளி, அதனால் அந்துப்பூச்சிக்கு இரையாகிப் போனது. பின்னால் வந்தது அக்ரிலிக், அதனால் மிஞ்சியது. பெட்டியைத் திறந்து பார்த்து, பூச்சி தின்ற கொடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கணவர் மனம் நோகக்கூடாது என்று கடையில் வேறொன்று வாங்கி அதே இடத்தில் மடித்து வைத்தது மகனின் அம்மாவாக இருக்கலாம். லேபிளை வெட்டியதும் அவராகவே இருக்கலாம். அவர் இப்போது இல்லை. கேட்க முடியாது.

பழைய பொருட்களின் வயது கணிப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு பாடம் உண்டு. பொருளை நம்பு, அதோடு வரும் கதையை நம்பாதே. வாங்குபவருக்கு அது நல்ல அறிவுரை. பணம் போடும் இடத்தில் கதைக்கு விலை கொடுத்தால் ஏமாற்றம்தான். ஆனால் வீட்டுக்குள் அதே பாடத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. பொருள் தவறாக இருந்தால் கதையும் தவறு என்று ஆகிவிடாது. கொடியின் வயது ஒரு கேள்வி. அந்தச் சிறுவன் அன்றைக்கு மைதானத்தில் இருந்தானா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குத் துணியும் நூலும் ஒரு சின்ன வட்டமும் பதில் சொல்லிவிட்டன. இரண்டாவதற்கு அந்தப் படமும் முழுச் சாட்சி ஆகாது. 1949இல் அந்த வீட்டில் ஒரு ப்ரூக்ளின் கொடி இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. மீதிக்கு அவருடைய வார்த்தை ஒன்றுதான் இருக்கிறது.

பிறந்தநாளுக்குக் கண்ணாடிச் சட்டம் வந்தது. உள்ளே நீலக் கொடியும், அதன் கீழே கறுப்பு வெள்ளைப் படமும். தகட்டில் ஏப்ரல் 15 என்ற தேதி இல்லை. இரண்டே வரிகள். "படத்தில் இருப்பது அப்பாவின் கொடி. மேலே இருப்பது அதன் நினைவாக வந்த கொடி."

பெரியவர் இரண்டையும் படித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். மறுநாள் வந்த விருந்தாளியிடம் வழக்கம்போல 1947இல் தொடங்கி, ராபின்சன் முதல் பேஸில் நின்றதைச் சொன்னார். கொடியைக் காட்ட வேண்டிய இடம் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, விரலைக் கொஞ்சம் கீழே இறக்கிப் படத்தைக் காட்டினார்.